நாற்பது பக்க வாசகர்

சேலையூர் யக்ஞநாராயணன் வீட்டில் அறுநூறு புத்தகங்கள் இருக்கின்றன. எதை எடுத்து ஓரத்தைப் பார்த்தாலும் முதல் நாற்பது பக்கம் லேசாக அழுக்கேறியிருக்கும். அதற்குமேல் கடையில் வாங்கின வெள்ளை கலையாமல் இருக்கும். நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், எந்த ராஜ்யம் கவிழ்ந்தது என்பதெல்லாம் அவர் அறியாத சங்கதிகள்.

மனிதர் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷமாகத் தரப் பரிசோதகர். மயிரிழைப் பிசகு இருந்தாலும் பெட்டியில் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவார். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, அதன்மேல் அவருடைய முத்திரை. வாசிப்பிலும் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அத்தனை உழைப்பும் வாசிக்கத் தயாராவதிலேயே தீர்ந்துபோகும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் புத்தகக் காட்சியிலிருந்து இரண்டு துணிப்பையும் ஒரு சபதமும் கொண்டுவருவார். ஒரு வருஷம் வாரத்துக்கு ஒரு புத்தகம் என்று சபதம். இன்னொரு வருஷம், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுத்தான் படிப்பது என்று சபதம். போன் பக்கத்து அறையில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அன்று மட்டும் பதினோரு தடவை எழுந்து போனார். சாய்வு நாற்காலி வாங்கினார். கழுத்தை வளைத்து எரியும் விளக்கு வாங்கினார். நான்கு நிறத்தில் பென்சில் வாங்கினார். படிக்க வேண்டிய புத்தகங்களை எழுதிவைக்க ஒரு நீள நோட்டு வாங்கி, அதில் கோடு போடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. வாசிப்பை வளர்த்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றி மட்டும் ஏழு புத்தகங்கள் வைத்திருக்கிறார். ஏழிலும் நாற்பது பக்கம் முடித்தாயிற்று.

உட்கார்ந்தால் ஐந்தாம் பக்கத்தில் காஸ் மூடினோமா என்று தோன்றும். எட்டாம் பக்கத்தில் மோட்டார். பதினாலாம் பக்கத்தில் வாசல் பூட்டு. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். திரும்பி வந்தால் விட்ட வரி கிடைக்காது. சரி, இது நமக்கான புத்தகமில்லை போலிருக்கிறது என்று வேறொன்றை எடுப்பார்.

இத்தனைக்கும் ஊரில் அவருக்குப் பெரிய வாசகர் என்று பெயர். அது எப்படியென்று யாரும் ஆராய்ந்ததில்லை. முதல் நாற்பது பக்கத்தை அவர் சொல்லிக் கேட்டால் எழுதினவருக்கே பொறாமை வரும். கண் விரியும், கை பறக்கும். “அப்புறம் என்ன சார் ஆச்சு?” என்று யாராவது கேட்டால், “அதை நான் சொல்லிட்டா நீங்க எதுக்குப் படிக்கணும்?” என்று ஒரு புன்னகை. என்ன பெருந்தன்மை என்று கேட்டவர் வியந்துகொண்டே போவார்.

இந்தப் பெருந்தன்மையை அதிகம் அனுபவித்தவர் சம்பந்தம். அதே தொழிற்சாலையில் டிஸ்பாட்ச் பிரிவு, பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலை. வீடு பொழிச்சலூர். கம்பெனி பஸ்ஸில் பல்லாவரத்தில் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு வருவார். யக்ஞநாராயணன் தாம்பரத்தில் ஏறினதும் பை மடிக்குப் போகும். பெருங்களத்தூர் நெரிசலில் கதை ஆரம்பித்து மறைமலை நகர் வாசலில் நிற்கும். நடுவில் ஷிப்ட் மாறின இரண்டு வருஷம் போக, இருபத்திரண்டு வருஷம் இப்படி. சம்பந்தம் புத்தகம் படிக்கிறவரில்லை. படிக்க அவசியமும் ஏற்படவில்லை, அறுநூறு கதைகளின் தொடக்கம் அவருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். ‘வெளியே போன பெட்டிகள்’ என்று தலைப்பு, இருபது அத்தியாயம். தொழிற்சாலை வாழ்க்கையைப் பற்றியது. ஸ்பைரல் போட்ட பிரதி ஒன்றைப் பஸ்ஸில் யக்ஞநாராயணன் மடியில் வைத்தார்.

“என்னய்யா இது?”

“படி. நீ படிச்சிட்டு சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போவும். வெளியீட்டு விழால நீதான் பேசறே. ஆனா படிச்சிட்டுப் பேசு. முக்கியமா நீ படிக்கணும்யா.”

“உன் புஸ்தகத்தைப் படிக்காம?” என்றார் யக்ஞநாராயணன். அன்று சாயங்காலமே நாற்பது பக்கம் படித்தார். நன்றாகவே இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் காஸ் ஞாபகம் வந்தது.

பத்து நாள் கழித்துப் பஸ்ஸில் சம்பந்தம் கேட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“படிச்சியா?”

“முடிச்சாச்சு.”

“முழுசாவா? பத்தொன்பதாவது கூடவா?”

“அதுதான்யா இருக்கறதுலயே பெஸ்ட்.”

சம்பந்தம் வண்டலூர் வரைக்கும் மடியிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, “உனக்கு வருத்தமா இல்லியா?” என்றார்.

“எனக்கு என்னய்யா வருத்தம்? நல்லா எழுதியிருக்கே. ஒரு வார்த்தை மாத்தாதே. அச்சுக்கு அனுப்பு.”

சம்பந்தம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கூடுவாஞ்சேரி தாண்டியும் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரிகூட இருந்தது. முதல் புத்தகம் எழுதுகிறவர்களுக்குப் பாராட்டு தாங்காது என்று யக்ஞநாராயணன் முடிவு செய்துகொண்டார். மறுநாள் சம்பந்தம் ஒரு கிலோ மைசூர்பாகு கொண்டுவந்தபோதும் அந்த முடிவு மாறவில்லை.

புத்தகம் அச்சாகிவிட்டது. விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், யக்ஞநாராயணன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிட்லபாக்கம் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வருஷத்துக்கு மூன்று புத்தகம்தான் படிப்பாள், ஆனால் மூன்றும் கடைசி அட்டை வரைக்கும். அந்த ஸ்பைரல் பிரதியை அவளும் நாலு நாளில் படித்து வைத்திருந்தாள்.

“ஏன்னா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எப்படி உங்களால மன்னிக்க முடிஞ்சுது?”

“யாரை?”

அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

“சம்பந்தத்தை.”

“எதுக்கு?”

முப்பது வருஷமாகப் பிள்ளைகள் காப்பியடிப்பதைப் பிடிக்கிறவள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

“நீங்க படிக்கவே இல்லை.”

“நாற்பது பக்கம்...”

“அவர்கிட்ட முழுக்கப் படிச்சேன்னு சொல்லியிருக்கேள். போன வாரம் என்னைக் கடைத்தெருவில பாத்து, ‘அக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரி மனுஷன் கிடையாது’ன்னு அழுதார். நான் என்னமோ எதோன்னு பயந்து போயிட்டேன்.”

“அதுல என்னதான்டி இருக்கு?”

“நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கு எழுதினது. நாளைக்கு ஆறு மணிக்கு மேடை ஏறணும். போய்ப் பத்தொன்பதாவதைப் படிங்கோ.”

பத்தொன்பதாம் அத்தியாயம் நாலே பக்கம். யக்ஞநாராயணன் நின்றபடியே படித்தார்.

‘அந்த வெள்ளிக்கிழமை லாரி கிளம்பத் தயாராக நின்றது. இரண்டு பெட்டி குறைந்தது. நாராயணன் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிய பெட்டிகளில் இரண்டை நான் எடுத்தேன். சீட்டைக் கிழித்தேன். நாராயணன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் முத்திரை மேஜைமேல் இருந்தது. பச்சைச் சீட்டில் நானே குத்தினேன். திங்கட்கிழமை அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை விசாரணை வந்துவிட்டது.’

பதினோரு வருஷத்துக்கு முந்தைய விசாரணை. பழுதான சரக்கு வெளியே போய் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியிருந்தார். முத்திரை உங்களுடையதுதானே என்று கேட்டார்கள். ஆமாம், ஆனால் நான் குத்தவில்லை என்றார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். வரவேண்டிய மேனேஜர் பதவி அவரிடம் வேலை கற்றவருக்குப் போயிற்று. இரண்டு வருஷம் இரண்டாம் ஷிப்டில் போட்டார்கள். அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறு. கொஞ்ச நாளில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை ஏதோ யோசனையில் நாமே குத்தியிருப்போமோ? அந்த மாதத்திலிருந்துதான் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

“பாத்தியா!” என்று கத்தினார். “நான் குத்தலை! நான் அப்பவே சொன்னேனா இல்லையா? இவனாலதான்டி எல்லாம். இவனாலதான் என்னால ஒரு புஸ்தகம் முழுசா படிக்க முடியாமப் போச்சு!”

“நம்ம கல்யாணத்துக்கு வந்த புஸ்தகம் ஒண்ணு அலமாரில இருக்கு,” என்றாள் அபிதகுஜாம்பாள். “தொண்ணூத்தி நாலாம் வருஷம். அதுலயும் நாற்பதுதான். பூட்டை வேணா அவர் தலையில கட்டுங்கோ. அது நியாயம்.”

யக்ஞநாராயணனுக்கு இப்போது பேச்சு தயாராகிவிட்டது. நாளைக்கு மேடையில், பொன்னாடை போர்த்திக்கொண்டு, மைக்கில், அத்தனை பேர் முன்னால். ஆனால் ஒருவனை மேடையில் வைத்துக் கிழிப்பதென்றால் ஆதாரம் வேண்டும். இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறான், எங்கெங்கே பொய் சொல்லியிருக்கிறான்? சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார்.

வாசிப்பை மேம்படுத்தச் சொல்லும் ஏழு புத்தகங்களும் அமைதியான மனம் வேண்டும் என்கின்றன. தப்பு. நல்ல கோபம் வேண்டும். யக்ஞநாராயணன் உட்காரவில்லை. ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை என்று நடந்துகொண்டே, ஒவ்வொரு வாக்கியமாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தொழிற்சாலையில் ஒரு உருப்படியைக்கூட அவர் அளக்காமல் தள்ளியதில்லை. அதே கண்ணோடு இதுவரை ஒரு பக்கத்தையும் பார்த்ததில்லை என்பது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். காஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க எழுந்திருக்கவும் தேவையிருக்கவில்லை. அவர் போகிற வழியில்தான் அது இருந்தது.

எட்டாம் அத்தியாயத்தில் வெள்ளம் வந்த டிசம்பர். இடுப்பளவு தண்ணீரில் பெட்டிகளை மேலே ஏற்றினவர்கள் ஒவ்வொருவர் பெயரும் இருந்தது. தன் பெயர் இருக்கிறதா என்று தேடினார், இருந்தது. பன்னிரண்டாவதில், ‘நாராயணன் அளக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். பக்கத்தில் நிற்கிற எனக்கு மூச்சு முட்டும்’ என்று ஒரு வரி. இதுவரை யாரும் சொன்னதில்லையே என்று பால்கனியில் நின்றுவிட்டார். உடனே அது புகழ்ச்சி, லஞ்சம் என்று ஞாபகம் வந்து நடந்தார்.

பதினாறாம் அத்தியாயம் கம்பெனி பஸ்.

‘நாலு தடவை சொல்லப் பார்த்தேன். முதல் தடவை பொத்தேரியில் பஸ் பஞ்சராகி நின்றது. நாராயணனிடம், ஒரு விஷயம் சொல்லணும் என்று தொடங்கினேன். அவன் ஒரு ராஜா கதையில் இருந்தான். குறுக்கே பேசினால் அவனுக்குப் பிடிக்காது. டயர் மாற்றிவிட்டார்கள். இரண்டாவது தடவை ஒரு கப்பல் கதை. மூன்றாவது தடவை ஒரு வக்கீல். நாலாவது என்ன கதை என்று மறந்துவிட்டேன். எந்தக் கதைக்கும் முடிவு தெரியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நிமிஷம் கிடைக்காமல் போகாது. எனக்குத் தைரியமில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.’

யக்ஞநாராயணன் இதைத் திரும்பப் படித்தார். இங்கேதான் பிடி கிடைக்கும் என்று தடவிப் பார்த்தார். எங்காவது ஒரு பிசிறு, ஒரு மழுப்பல். கிடைக்கவில்லை. அவர் கை தானாக ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிற்று. எழுதினதைப் பார்த்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று. அழிக்க ரப்பர் தேடினார். நான்கு நிறத்தில் பென்சில் வாங்கினவர் ரப்பர் வாங்கியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருபதாம் அத்தியாயம் முடிந்தது. ஒரு புத்தகம் முடிந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார்.

“முடிச்சுட்டேளா?” என்றாள் அபிதகுஜாம்பாள்.

“உம்.”

“எப்படி இருக்கு?”

“அவன் பஸ்ல என்கிட்ட கேட்டப்ப நான் சரின்னு சொல்லிட்டேன்,” என்றார். “படிக்காம முத்திரை குத்திட்டேன்டி.”

அவள் எழுந்து தட்டு வைக்கப் போனாள். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஏதாவது சொன்னால் சண்டையாவது போடலாம். விஷயம் எளிதுதான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் சம்பந்தத்துக்கு எதுவும் தெரியப்போவதில்லை. மன்னிக்கப்பட்டவனாகவே ஓய்வு பெற்று வீட்டுக்குப் போவான். உண்மையைச் சொன்னால் அந்த மன்னிப்பு செல்லாது. புதிதாக ஒன்று கொடுக்க இவரிடம் இருக்கிறதா என்று இவருக்கே தெரியாது. சாப்பிட உட்கார்ந்தவர் ரசத்துக்கு முன்னால் எழுந்துவிட்டார்.

விழா பொழிச்சலூர் குடியிருப்போர் நலச் சங்கக் கட்டடத்தில். அறுபது நாற்காலி. சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசன் பொன்னாடைகளை எண்ணி எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தம் புதுச் சட்டையில், மடிப்புக் கலையாமல், கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றார்.

“வாய்யா நாராயணா! போட்டோவுக்குக் கூப்டறாங்க.”

“ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வா.”

தண்ணீர் கேன் வைத்திருந்த சந்துக்குப் போனார்கள்.

“உன் புஸ்தகத்தைப் படிச்சேன்.”

“அதான் அன்னிக்கே சொன்னியே.”

“அன்னிக்குப் படிக்கலை. நேத்திக்குத்தான் படிச்சேன்.”

தலைக்குமேல் ஒரு விமானம் இறங்கிற்று. பொழிச்சலூரில் விமானம் போகும்போது யாரும் பேச மாட்டார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி அது போகும்வரை நின்றார்கள். அந்த அரை நிமிஷத்தில் சம்பந்தத்தின் முகம் மெதுவாகச் சுருங்கிற்று.

“அப்போ பஸ்ல நீ சொன்னது?”

“தெரியாம சொன்னது.”

“ரெண்டு மாசமா நிம்மதியா இருந்தேன்யா நான்.”

“தெரியும். மைசூர்பாகு தின்னேனே.”

“ஏன்யா சொன்னே? சும்மா இருந்திருக்கலாம்ல? எனக்கு எங்க தெரியப் போவுது?”

“நீ பதினோரு வருஷம் சும்மா இருந்தியே, அந்த மாதிரியா?”

சம்பந்தம் தண்ணீர் கேனின் குழாயைத் திறந்தார், மூடினார். டம்ளர் எடுக்கவில்லை.

“சரி. இப்ப சொல்லு. திட்டறதுன்னா திட்டு. மேடைல வேணாலும் சொல்லு. முந்நூறு காப்பி போட்டாச்சு, ஊருக்கே தெரியப் போவுது.”

யக்ஞநாராயணன் வாயைத் திறந்தார். நேற்று மத்தியானம் தயாரித்த பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகு படித்த பக்கங்கள் வழியில் நின்றன.

“இப்ப சொல்ல முடியாது. இன்னும் ஒரு தடவை படிக்கணும்.”

“யாரு, நீயா?”

சம்பந்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

“சிரிக்காதே. உன்மேல எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு...”

“எவ்ளோ நாள் ஆவும்?”

“தெரியாது.”

“நான் ரிடையர் ஆவறதுக்கு முன்னாடியாவது?”

“தெரியாதுன்னு சொன்னேன்ல. அவசரப்படுத்தாதே. அவசரப்பட்டுத்தான் ஒரு தடவை சொல்லித் தொலைச்சேன்.”

“நாராயணன் சார்! சம்பந்தம் சார்! டைம் ஆச்சு,” என்று ஸ்ரீநிவாசன் வந்து இருவரையும் தள்ளிக்கொண்டு போனார்.

யக்ஞநாராயணன் மைக் பிடித்தால் முக்கால் மணி நேரம் என்பது ஊர்க் கணக்கு. முன்வரிசைக்காரர்கள் அதற்கேற்ற மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர் ஒன்பது நிமிஷம் பேசினார். கை பறக்கவில்லை. பக்க எண் சொல்லி, வெள்ளத்தைப் பற்றி, லாரி டிரைவர்களைப் பற்றி, பெட்டி எண்ணுகிறவனின் தூக்கத்தைப் பற்றிச் சொன்னார். பதினாறாம் அத்தியாயத்தில் பஸ்ஸில் ஓயாமல் பேசுகிற ஒரு ஆள் வருகிறார், அவரை இன்னும் கடுமையாக எழுதியிருக்கலாம் என்று ஒரு குறை சொன்னார். இருபதாவதைப் பற்றியும் சொன்னார்.

“பத்தொன்பதை விட்டுட்டீங்களே சார்?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அழைப்பிதழில் அத்தியாயப் பட்டியல் போட்டிருந்தார்கள்.

“அது எனக்கு எழுதினது,” என்றார் யக்ஞநாராயணன். “இன்னும் படிச்சிண்டிருக்கேன்.”

கைதட்டலா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஸ்ரீநிவாசன் அவசரமாக நன்றியுரையை ஆரம்பித்தார். மேடையில் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. யக்ஞநாராயணன் அச்சு வாசனை போகாத புதுப் பிரதியை எடுத்து, பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தார். ஒரு தாளைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அதையே இந்தப் பக்கம் திருப்பினார். மறுபடி முன்னால் போனார். சம்பந்தத்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து, மேடையைவிட்டு இறங்கிப் போனார்.